கரை ஒதுங்கியது யாருக்குச் சொந்தம்?



புயலில் உடைந்த கப்பலின் சரக்கு கரை ஒதுங்கினால், அது யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்கு முன் தமிழில் வெட்டப்பட்ட விடை ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள நயினாதீவில், நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டு அது. அந்த ஆணையைப் பிறப்பித்தவர் 1153 முதல் 1186 வரை இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. சிங்கள மன்னர்தான், ஆனாலும் வணிகருக்குப் புரியும்படி தமிழிலேயே ஆணையிட்டார்.

பிற நாட்டு வணிகர் ஊர்காவற்றுறைக்கு வரட்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அந்தக் கல். யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால், நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவருக்கு. மற்றச் சரக்கு என்றால் சரிபாதி. யானையும் குதிரையும் தமக்கு வேண்டியவை என்பதால்தான் இந்தச் சலுகை என்பதையும் மன்னர் மறைக்கவில்லை.

பாதியை அரசன் எடுத்துக்கொள்வதா என்று நமக்குத் தோன்றும். ஆனால் அன்று பல கரைகளில் முழுவதுமே பறிபோனது. 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, மலபார்க் கரையின் ஏழிமலைப் பகுதியைப் பற்றி எழுதுகிறார்: வேறு துறைக்குப் புறப்பட்ட கப்பல் அங்கே ஒதுங்கினால், கடவுளே உங்களை எங்களிடம் அனுப்பினார் என்று சொல்லிச் சரக்கை எடுத்துக்கொள்வார்களாம். அதைப் பாவம் என்றே அவர்கள் எண்ணவில்லையாம். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறையில், காகதீய மன்னர் கணபதிதேவர் 1244-45இல் இந்த வழக்கத்தையே மாற்றினார். முன்னைய அரசர்கள் உடைந்த கப்பலின் பொருளையெல்லாம் பறித்தார்கள். நாம் உரிய சுங்கம் தவிர எதையும் தொடமாட்டோம் என்று கல்லில் எழுதிவைத்தார்.

நம் திருச்சபையும் இதைப் பேசியிருக்கிறது. பராக்கிரமபாகு ஆண்ட அதே காலத்தில், 1179இல், திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தர் கூட்டிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம், கப்பல் உடைந்து தவிக்கும் கிறிஸ்தவர்களைக் கொள்ளையிடுவோர் பொருளைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் திருச்சபைக்குப் புறம்பானவர்கள் என்று விதித்தது. திருமுழுக்குப் பெற்றவரைத்தானே திருச்சபை விலக்க முடியும்? அப்படியானால் கொள்ளையடித்தவர்களும் நம்மவர்களே.

அந்த விதி கிறிஸ்தவர்களை மட்டுமே குறிப்பிட்டது. மால்தா தீவினர் அதைவிடப் பரந்த மனம் காட்டினார்கள். திருத்தூதர் பணிகள் நூலின் இறுதியில் வாசிக்கிறோம்: புனித பவுலோடு 276 பேர் வந்த கப்பல் அங்கே உடைந்தது. கைதிகளும் படைவீரர்களும் நனைந்து கரையேறினார்கள். நீங்கள் யார், எந்தத் தெய்வத்தை வணங்குகிறீர்கள் என்று அந்த மக்கள் கேட்கவில்லை. மழைக்கும் குளிருக்கும் தீ மூட்டினார்கள்.

நம் ஆதம்பாக்கத்தில் கடல் இல்லை. ஆனால் குடும்பங்கள் என்னும் கப்பல்கள் நம் தெருக்களில் உடைகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையே அதைக் கண்டது. வெள்ளம் இல்லாத நாளிலும், மருத்துவச் செலவுக்காக ஒருவர் வீட்டை விற்க வருகிறார். அவசரம் தெரிந்து அடிமாட்டு விலைக்குக் கேட்கிறோம். கணவரை இழந்த சகோதரியின் பங்கைப் பேசாமல் நம் பெயருக்கு மாற்றிக்கொள்கிறோம். பிறகு, ஆண்டவர் கொடுத்த ஆசீர் என்று நன்றித் திருப்பலிக்கும் பெயர் கொடுக்கிறோம். ஏழிமலையில் சொன்னதும் இதைத்தானே?

அடுத்தவரின் புயல் நமக்குக் கொண்டுவந்தது கடவுளின் கொடை அல்ல. அதற்கு உடையவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒருவேளை நம் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம். இந்த வாரம் நம் வீட்டில் இருப்பவற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். எதையாவது திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால், அதற்கான துணிவை ஆண்டவரிடம் கேட்போம். ஆமென்.