பேர்வேல்

தமிழில் எழுதிப் பார்த்தால் சக்திவேல், வெற்றிவேல் வரிசையில் சேர்ந்துவிடும் பெயர். ஆனால் இந்த வேல் முருகன் கையில் இருப்பதல்ல, கடலில் நீந்துவது. ஆங்கிலத்தில் ‘பேர்’ கரடி, ‘வேல்’ திமிங்கிலம். இரண்டையும் இடைவெளி விடாமல் ஒட்டி, 2014 அக்டோபரில் பிட்காயின் வணிகர்கள் முகம் தெரியாத ஒருவருக்குச் சூட்டிய பெயர்தான் பேர்வேல். இலக்கணப்படி இது எந்தத் தொகை என்று கேட்டால், உம்மைத்தொகை இல்லை. கரடி ஓர் ஆள், திமிங்கிலம் ஓர் ஆள் என்று இங்கே இருவர் கிடையாது. கரடியாகிய திமிங்கிலம் என்று விரியும் இருபெயரொட்டு. கோயில் தூணில் சிங்க உடம்பும் யானைத் துதிக்கையுமாக நிற்கும் யாளியைப் பார்த்துப் பழகிய நமக்கு இப்படி ஒரு விலங்கு புதிதல்ல.

நடந்தது இதுதான். அந்த ஆண்டின் தொடக்கத்தில் 800 டாலருக்கு மேல் விலைபோன ஒரு பிட்காயின், அக்டோபர் முதல் வாரத்தில் 300 டாலரை ஒட்டி வந்து நின்றது. பிட்ஸ்டாம்ப் என்ற சந்தையில் திடீரென்று ஒரு விற்பனை ஆணை முளைத்தது. விலை 300 டாலர், அளவு ஏறக்குறைய 30,000 பிட்காயின். பெருக்கினால் 90 லட்சம் டாலர். பெரும் பங்குச் சந்தைகளில் இது பெரிய தொகை அல்ல. அன்றைய பிட்காயின் சந்தைக்கோ, குளத்தில் கப்பலை இறக்கிய மாதிரி.

இந்தச் சந்தைகளில் யார் என்ன விலைக்கு எவ்வளவு வாங்கவோ விற்கவோ காத்திருக்கிறார்கள் என்பதை எல்லோரும் திரையில் பார்க்கலாம். பெயர் தெரியாது, அளவு தெரியும். வரைபடமாகப் போட்டால் பெரிய ஆணை செங்குத்தாக எழுந்து நிற்கும். அதனால் அதற்குச் ‘சுவர்’ என்று பெயர். 300 டாலரில் எழுந்த சுவர் முழுவதும் விற்று முடியாமல் விலை அதற்கு மேல் ஒரு காசு ஏற முடியாது.

சந்தேகம் இங்கேதான் முளைத்தது. பெரிய சரக்கு வைத்திருப்பவர் மூட்டையை அவிழ்த்து நடுத்தெருவில் கொட்டமாட்டார். சின்னச் சின்னதாகப் பிரித்து, பல நாள் எடுத்து, பிறர் கண்ணில் படாமல் விற்பார். முழு அளவை மறைத்து நுனியை மட்டும் காட்டும் ஆணைக்குப் ‘பனிப்பாறை’ என்றே பெயர் இருக்கிறது. இவர் ஏன் மொத்தத்தையும் காட்டினார்? பயமுறுத்தத்தான் என்றார்கள். சுவரைப் பார்த்து மற்றவர்கள் பதறி இன்னும் குறைந்த விலைக்கு விற்பார்கள், இவர் வேறொரு கணக்கில் அடிமட்டத்தில் அள்ளிக்கொள்வார் என்றார்கள். இல்லை, இவருக்கு விற்கவே தெரியவில்லை என்றும் சிலர் சொன்னார்கள். ஒரே ஆணையைப் பார்த்துச் சதிகாரன் என்றும் அசடு என்றும் இரண்டு தீர்ப்புகள்.

பெயரில் இருக்கும் இரண்டு விலங்குகளில் கரடி மூத்தது. பிடிக்காத கரடியின் தோலுக்கு விலை பேசுவது பற்றி ஐரோப்பாவில் ஒரு பழமொழி உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் பங்குத் தரகர்கள், கையில் இல்லாத பங்கை இப்போதே விற்று, விலை இறங்கியபின் வாங்கிக் கொடுப்பவரைக் கரடித்தோல் வியாபாரி என்றார்கள். நாளடைவில் தோல் உதிர்ந்து கரடி மட்டும் மிஞ்சியது. 1720இல் தென்கடல் கம்பெனிப் பங்குகளின் விலைக் குமிழி வெடித்தபோது அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. 1761இல் தாமஸ் மார்ட்டிமர் தரகர் தொழிலைப் பற்றி எழுதிய புத்தகத்தில் காளையையும் கரடியையும் சாதாரண வாசகருக்கு விளக்க வேண்டியிருந்தது. காளை கொம்பால் மேலே தூக்கும், கரடி கையால் கீழே அறையும் என்று தொலைக்காட்சியில் சொல்வது பிற்காலக் கற்பனை. சொல்லின் வேர் தோல் வியாபாரத்தில்தான்.

பம்பாய்ச் சந்தைக்காரர்கள் விலங்குகளை விட்டுவிட்டு விலை ஏறும் என்பவரைத் தேஜிவாலா, இறங்கும் என்பவரை மந்திவாலா என்று நேராகச் சொன்னார்கள். தமிழ்ப் பத்திரிகைகள் காளை, கரடி இரண்டையும் அப்படியே மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டன. அதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் ஊரில் கரடிக்கு வேறு வேலை ஏற்கெனவே இருக்கிறது. ‘சும்மா கரடி விடாதே’ என்றால் பொய்யை அளந்து மிரட்டாதே என்று பொருள். இந்தக் கரடிக்குப் பிறகு வேலை வரும்.

திமிங்கிலம் சந்தைக்கு வந்தது பிந்தி, அதுவும் சூதாட்ட விடுதி வழியாக. லாஸ் வேகாஸில் ஒரே இரவில் லட்சக்கணக்கான டாலர் பந்தயம் கட்டும் வாடிக்கையாளரை விடுதிக்காரர்கள் திமிங்கிலம் என்பார்கள். ஊர் முழுக்கப் பத்திரிகையில் படித்த திமிங்கிலம் 2012 ஏப்ரலில் வந்தது. ஜே.பி. மார்கன் வங்கியின் லண்டன் கிளையில் கடன் காப்பு ஒப்பந்தங்களில் மலைபோல் பந்தயம் குவித்த புரூனோ இக்சில் என்ற வணிகருக்கு ‘லண்டன் திமிங்கிலம்’ என்று பெயர் விழுந்தது. முடிவில் வங்கிக்கு ஏறக்குறைய 620 கோடி டாலர் நட்டம். அவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு எதிர்ப்பக்கம் நின்ற நிதி நிறுவனங்கள் லாபம் பார்த்தன. பெரிய உடம்பு ஒளிய முடியாது என்ற பாடம் அங்கேயே கிடைத்துவிட்டது. பேர்வேல் வந்தது அதற்கு இரண்டரை ஆண்டு கழித்து.

தமிழ்ச் சந்தையில் இந்த ஆளுக்குச் சொல் இல்லாமல் இல்லை. ‘பெரிய கை இறங்கியிருக்கு’ என்பார்கள். மேடைப்பேச்சில் பணமுதலை. முதல் என்றால் மூலதனம், முதலை என்றால் நீரில் கிடப்பது. சொல்லாராய்ச்சியாளர்கள் ஒப்புவார்களோ என்னவோ, ஓர் ஐகாரத்தில் மூலதனத்துக்குப் பல் முளைத்துவிடுகிறது.

ஆனால் நம் திமிங்கிலம் என்ற சொல் வடமொழியிலிருந்து வந்தது. அதற்குள் ஒரு கதையே இருக்கிறது. திமி என்பது ஒரு மாபெரும் மீன். கிலம் என்றால் விழுங்குவது. திமியை விழுங்குவது திமிங்கிலம். இப்போது திமிங்கலம் என்று எழுதுவதே பெருவழக்கு. அந்த இகரம் போனதும் விழுங்கும் வாயும் போய்விட்டது. வடமொழிக்காரர்கள் அதோடும் நிற்கவில்லை. திமிங்கிலத்தை விழுங்குவதற்கு ‘திமிங்கிலகிலம்’ என்று இன்னொன்றைப் படைத்துவைத்தார்கள். ஆங்கிலத் திமிங்கிலத்தின் பெயரில் எதையும் விழுங்கும் பொருள் இல்லை.

இனி கரடி விடுவதற்கு வருவோம். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் பெரிய ஆணையைப் போட்டு, விலை அசைந்ததும் பின்வாங்கும் தந்திரத்துக்கு ‘ஸ்பூஃபிங்’ என்று பெயர். ஸ்பூஃப் என்பதை உண்டாக்கியவர் ஆர்தர் ராபர்ட்ஸ் என்ற லண்டன் நகைச்சுவை நடிகர். 1880களில், எதிராளியை ஏமாற்றுவதையே குறியாகக்கொண்ட ஒரு விளையாட்டுக்கு வைத்த பெயர். நாடகக் கொட்டகையில் பிறந்த அந்தச் சொல் 2010இல் அமெரிக்காவின் டாட்-ஃபிராங்க் சட்டத்தில் ஏறிக் குற்றத்தின் பெயராகிவிட்டது. அந்தச் சட்டத்தின்படி குற்றம் ஆணையின் அளவில் இல்லை. நிறைவேறுமுன் ரத்துசெய்யும் நோக்கம் இருந்ததா என்பதுதான் கேள்வி. அதன்கீழ் முதலில் குற்றவாளி என்று தீர்ப்பானவர் மைக்கேல் காஷா, சிகாகோவில், 2015 நவம்பரில். 2020இல் ஜே.பி. மார்கன் இதே குற்றத்துக்காக 92 கோடி டாலர் கட்டியது. லண்டன் திமிங்கில விவகாரத்துக்காக 2013 செப்டம்பரில் அது ஒப்புக்கொண்ட அபராதமும் 92 கோடிதான். திமிங்கிலத்துக்கும் கரடி விட்டதற்கும் ஒரே விலை.

ஸ்பூஃபிங்குக்குத் தமிழில் கலைச்சொல் தேடுகிறவர்களுக்கு என் யோசனை: கரடி விடுதல். இதைவிடப் பொருத்தமாக ஒன்று செய்ய முடியும் என்று தோன்றவில்லை.

2014இல் பிட்காயின்காரர்கள் எதையும் சந்தேகிக்கக் காரணம் இருந்தது. பிப்ரவரியில்தான் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் சந்தை கவிழ்ந்திருந்தது. அங்கே ‘வில்லி’ என்ற தானியங்கி நிரல் ஓயாமல் வாங்கிக்கொண்டே இருந்ததாக மே மாதம் ஓர் அறிக்கை வந்தது. வில்லி, தமிழ் சினிமாவின் வில்லி அல்ல. ஓர் ஆங்கிலேய ஆண் பெயர். ஆனாலும் பொருந்துகிறது. அப்படியொரு நிரலை இயக்கியதைச் சந்தையின் தலைவர் மார்க் கார்ப்பலஸ் 2017இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதே 2017இல், பிட்ஃபினெக்ஸ் சந்தையில் பெரிய சுவர்கள் எழுவதும் மறைவதுமாக இருக்க, அதைச் செய்வதாகச் சந்தேகிக்கப்பட்ட ஆளுக்கு ‘ஸ்பூஃபி’ என்று செல்லப்பெயர் கிடைத்தது. அங்கே குற்றச்சாட்டே பெயராகிவிட்டது.

பேர்வேல் அப்படி அல்ல. அந்தச் சுவர் மறையவில்லை. கரடி விட்டவராக இருந்தால் விலை நெருங்கியதும் ஆணையைத் தூக்கியிருப்பார். இவர் தூக்கவில்லை. வாங்குபவர்கள் கூட்டமாக வந்து ஆயிரம் ஆயிரமாகக் கடித்தார்கள். திரையில் சுவர் கரைவதை உலகம் முழுக்க ஆட்கள் விழித்திருந்து பார்த்தார்கள். சில மணி நேரத்தில் 30,000மும் தீர்ந்தது. ‘பேர்வேலை வதம் செய்தோம்’ என்று கொண்டாட்டம். ஒருவர் ஓவியமே தீட்டினார். சொன்ன விலைக்குச் சொன்ன அளவு சரக்கைக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு அரக்கன் பட்டம். காட்டாமல் ஒளித்து விற்றிருந்தால் அவருக்குப் பெயரே வந்திருக்காது. எனக்கென்னவோ, அன்றைக்கு அந்தச் சந்தையில் இருந்தவர்களில் ஒளிவுமறைவில்லாத ஆள் அவர்தான் என்று படுகிறது. உள்ளே என்ன நோக்கம் வைத்திருந்தாரோ, ஆணையின் முடிவை வைத்துப் பார்த்தால் அது விற்க வந்த ஆணை, விற்றது.

பெயர்தான் தலைகீழாகிவிட்டது. திமியை விழுங்க வேண்டிய திமிங்கிலத்தைச் சின்ன மீன்கள் விழுங்கின. திமிங்கிலகிலம் என்று அவர்களுக்குப் பெயர் சூட்ட யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஒரு வாரத்தில் விலை 400 டாலரை நெருங்கியது, விழுங்கியவர்கள் மார்தட்டினார்கள். 2015 ஜனவரி நடுவில் அது 200 டாலருக்கும் கீழே போனது. அதற்குள் ஓவியத்தில் நிரந்தரமாகச் செத்துக்கிடந்தவரோ, மூன்று மாதம் முன்பே ஒரு பிட்காயினுக்கு 300 டாலர் வாங்கியிருந்தார்.