கார்ன்வாலிஸ் குடிவழி

பெங்களூர்க் கோட்டை மதிலில் ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கின்றது. 1791 மார்ச் 21ஆம் நாள் ஆங்கிலப் படை மதிலை உடைத்துப் புகுந்த இடத்தை அது சுட்டுகின்றது. அப்படையை நடத்தியவர் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் பிரபு. 1781இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் பணிந்த படைத்தலைவரும் அவரே.

அவருடைய குடி பெருங்குடி. சிற்றப்பன்மாருள் பிரடெரிக், எட்வர்டு இருவரும் இரட்டையர். முன்னவர் கான்டர்பரிப் பேராயர். பின்னவர் 1749இல் கனடாவின் ஹாலிபாக்ஸ் நகரை நிறுவியவர். இளவல்களுள் ஜேம்ஸ் ஆயர். வில்லியம் கடற்படைத் தலைவர்.

கார்ன்வாலிஸ் 1805இல் காசிப்பூரில் மறைந்தார். அவர்தம் ஒரே மைந்தருக்குப் பெண்மக்கள் ஐவர், ஆண்மகவு இல்லை. அப்பட்டங்களோ ஆண்வழியே செல்பவை. ஆதலின் 1823இல் மார்க்குவிஸ் பட்டம் அற்றது. எர்ல் பட்டம் ஜேம்ஸிடம் சென்று, அவர் மகனோடு 1852இல் முடிந்தது. ஆயினும் அம்மகனுடைய புதல்வி ஜெமிமாவின் வழியினர் குடிப்பெயரைத் தாங்கினர். அவருடைய பேரர் 1927இல் கார்ன்வாலிஸ் என்னும் பெயராலேயே புதிய பிரபுப் பட்டம் பெற்றார்.

ஊர்விட்டு வந்த நாம் குடிவழி எழுதுங்கால் ஆண்மக்கள் பெயரோடு நிறுத்திவிடுகின்றோம். பெண்மக்கள் பெயரையும் எழுதி வைப்போமாக. அற்றது என்று நாம் எண்ணிய கிளை அங்கே தழைத்திருக்கக் காண்போம்.