பம்பாயில் பிறந்த திருகோணமலை



ஒரகடத்தில் வேலை பார்ப்பவன் என்று தெரிந்தால் போதும், "பழைய புல்லட் ஒண்ணு இருக்குப்பா, ஒரிஜினல் பார்ட்ஸ் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். சென்னையில் 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு, 2013-ல் ஒரகடத்துக்கும் வந்துவிட்டதல்லவா! புது பார்ட் மலிவாகக் கிடைக்கும்போது பழசை ஏன் தேடவேண்டும்? இதற்கு ஒரு பாய்மரக் கப்பலின் சரித்திரம் பதில் சொல்கிறது.

அதன் பெயர் 'டிரிங்கோமலி'. வேறொன்றுமில்லை, நம்முடைய திருகோணமலைதான். நெப்போலியன் யுத்தத்தில் பிரிட்டனில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் பம்பாயில் கட்ட ஆர்டர் கொடுத்தார்கள். வரைபடங்களை ஏற்றி வந்த 'ஜாவா' கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' பிடித்துவிட்டது. மறுபடி வரைபடம் அனுப்பினார்கள். ஜாம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் மலபார் தேக்கில் உருவான கப்பல், 1817 அக்டோபர் 12-ல் நீரில் இறங்கியது.

தேக்கின் எண்ணெய்ப் பசை மரத்தையும் காக்கும், அதில் அடித்த இரும்பையும் காக்கும். ஓக்கில் உள்ள அமிலமோ இரும்பை அரித்துவிடும். இந்தக் கப்பலின் ஆயுள் ரகசியத்தில் பாதி இதுதான்.

1897-ல் உடைக்க விற்றார்கள். வீட்லி காப் என்ற தனவந்தர் வாங்கி, 'ஃபூட்ராயன்ட்' என்று பெயர் மாற்றி, இளைஞர்களுக்குப் பயிற்சிக் கப்பலாக்கினார். அதன் கூட்டாளியாக நின்ற 1800-ஆம் வருடத்து 'இம்ப்ளாக்கபிள்' அவ்வளவு கொடுத்து வைக்கவில்லை. பராமரிக்கப் பணமில்லை என்று 1949-ல் கடலில் மூழ்கடித்தார்கள். முகப்புச் சிலையும் பின்புற அலங்காரமும்தான் மிஞ்சின.

நம் கப்பலை 1987-ல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோய், 1990-ல் தொடங்கி 2001-ல் வேலையை முடித்தார்கள். 1992-லேயே பழைய பெயரும் திரும்பிவிட்டது. பத்து வருஷ உழைப்புக்குப் பிறகு இன்றும் அதில் 60 சதவீதத்துக்கு மேல் பம்பாய்க் காலத்து மரமே!

முழுசாகப் புது மரம் போட்டிருந்தால் வேலை சுலபம்தான். ஆனால் அது அசலைப் போன்ற வேறொரு கப்பலாகியிருக்கும். மரக்கப்பல் பழுதுபார்ப்பவர்கள் உளுத்த பாகத்தை மட்டும் வெட்டி, நல்ல பாகத்தோடு புது மரத்தைச் சாய்வாக ஒட்டு வைப்பார்கள். ஏனென்றால் வாய்ச்சித் தழும்பும் ஆணித் துளையும் எந்த வரைபடத்திலும் இருக்காது. வரைபடம் தொலைந்தால் இன்னொன்று அனுப்பலாம், 'ஜாவா' விஷயத்தில் பார்த்தோமே! கைவேலையின் சாட்சி தொலைந்தால் போனதுதான்.

அதற்காகப் பழசெல்லாம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. ஓட்டப்போகும் வண்டியில் தேய்ந்த பிரேக்கை வைத்துக்கொள்வது பைத்தியக்காரத்தனம். உயிருக்கு ஆபத்தான இடத்தில் புதுசு, மற்ற இடத்தில் முடிந்தவரை பழசு. கழற்றியதையும் சீட்டு எழுதிக் கட்டிப் பத்திரப்படுத்தவேண்டும்.

இப்போது வேண்டுகோளுக்கு வருகிறேன். நம் கல்லூரி ஒர்க்ஷாப் மூலையில் கிடக்கும் பெல்ட் லேத்தைக் காயலான் கடைக்குப் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். தம்பி தங்கைகளே, அதற்கு முன் ஒருதரம் திறந்து பாருங்கள். எது ஓடும், எது ஓடாது என்று பட்டியல் போடுங்கள். செலவில் பங்கு போட்டுக்கொள்ள, எங்கள் செட்டில் நான் கேட்ட ஆறு பேரும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.