தான்றிக்காய்க் கணக்கு

2022 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருநெல்வேலியிலிருந்து சித்தி மகன் அழைத்தான். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்தபின் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, நீங்க கம்ப்யூட்டர்லதான இருக்கீங்க. ஆன்லைன் ரம்மில நான் எங்க தப்பு பண்ணுதேன்னு பாத்துச் சொல்ல முடியுமா?" என்றான். எவ்வளவு போயிற்று என்று கேட்டேன். நாலு லட்சம். சித்திக்குத் தெரியாது.

அவனைத் திட்டும் தகுதி எனக்கில்லை. 2009இல், ஃப்ராங்க்ஃபர்ட்டில் முதல் வேலையில் இருந்தபோது, போக்கரைப் பற்றி இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். 2008இல் நடைமுறைக்கு வந்த மாநிலங்களின் ஒப்பந்தம் ஜெர்மனியில் இணையச் சூதைத் தடை செய்திருந்தது. தளங்களோ ஜிப்ரால்டரிலும் மால்டாவிலும் உரிமம் வாங்கிக்கொண்டு இங்கே ஆட்களைச் சேர்த்தன. சட்டம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து நகர ரயிலில் ஏறினால் அரை மணிக்குள் பாட் ஹோம்பர்க். பிளாங்க் சகோதரர்கள் 1841இல் அங்கே ஒரு சூதாட்ட மாளிகை திறந்தார்கள். மற்ற ஊர்ச் சக்கரங்களில் இரண்டு பூஜ்யம் இருந்த காலத்தில் ஒரே பூஜ்யம் வைத்துக் கூட்டத்தை இழுத்தார்கள். 1867 மே மாதம், திருமணமாகி மூன்று மாதமே ஆன தஸ்தயேவ்ஸ்கி, மனைவி அன்னாவை டிரெஸ்டனில் விட்டுவிட்டு இங்கே வந்தார். 'சூதாடி' நாவலை முந்தைய ஆண்டுதான் 26 நாட்களில் அதே அன்னாவிடம் சொல்லி எழுதவைத்திருந்தார். கடிகாரத்தை அடகு வைத்தார். ஊர் திரும்ப அவள் அனுப்பிய ரயில் காசையும் மேசையில் விட்டார். அப்போது எழுதிய கடிதங்களில் ஒரே நம்பிக்கை திரும்பத் திரும்ப வருகிறது: பதறாமல், நிதானமாக, கணக்கோடு ஆடினால் தோற்கவே முடியாது; தன் பதற்றம்தான் பிழை.

அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 37 எண்கள் உள்ள சக்கரத்தில் வென்றவனுக்கு 35 மடங்குதான் தருகிறார்கள். நூறு ரூபாய் வைத்தால் சராசரியாக இரண்டு ரூபாய் எழுபது காசு போகும். புத்தர் வந்து உட்கார்ந்து ஆடினாலும் போகும். திருத்த முடியாத இடத்தில் அவர் தன் குணத்தைத் திருத்தப் பார்த்தார். 1871இல் வீஸ்பாடனில் கடைசியாகத் தோற்றபின் ஆட்டத்தையே விட்டார்.

போக்கர் அப்படியல்ல என்பதுதான் என் வாதமாக இருந்தது. அங்கே எதிரில் இருப்பது சக்கரமல்ல, மனிதர்கள். பிழை திருத்தினால் பலன் உண்டு. அது உண்மையும்கூட. ஆனால் பிழை எங்கே என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடம் வேறு.

ஒவ்வொரு ஆட்டத்தின் விவரத்தையும் தளமே எழுத்துக் கோப்பாக என் கணினியில் சேமித்து வைத்திருந்தது. அவற்றைத் தரவுத்தளத்தில் ஏற்றும் மென்பொருள் ஒன்றை வாங்கினேன். 62,000 ஆட்டங்கள். அதுவரை யாராவது கேட்டால் "கிட்டத்தட்ட சமம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரை காட்டியது: 2,300 யூரோ நஷ்டம். தளம் தன் பங்காக எடுத்துக்கொண்டது மட்டும் சுமார் 1,600.

எனக்கு நினைவிருந்ததெல்லாம் பெரிய தோல்விகள்: மூன்று ஏஸ் வைத்திருந்தும் கடைசிச் சீட்டில் கவிழ்ந்த இரவு, அந்த மாதிரி. அவற்றில் பிழையே இல்லை, அதிர்ஷ்டம் அவ்வளவுதான். பணம் ஒழுகியது வேறு இடத்தில். போக்கரில் சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் பணம் வைக்க வேண்டும். அதில் சிறியதை 'ஸ்மால் பிளைண்ட்' என்பார்கள், பெரியதில் பாதி. அந்த இடத்தில் உட்காரும்போது எல்லாரும் நஷ்டப்படுவார்கள். கேட்க வேண்டியது, சும்மா சீட்டைக் கவிழ்த்துவிட்டு இருந்தால் எவ்வளவு போகும் என்பதுதான். நூறு தடவைக்கு 50 பெரிய பிளைண்ட். எனக்குப் போயிருந்தது 70. அதாவது, "பாதிக் காசு ஏற்கெனவே உள்ளே கிடக்கிறதே" என்று அதைக் காப்பாற்ற ஆடியதால், ஆடாமல் இருந்ததைவிட மோசம். அரை யூரோ மேசையில் இந்த ஒரு பழக்கத்தின் விலை சுமார் ஆயிரம் யூரோ. ஒவ்வொரு தடவையும் போனது சில்லறைதான். அதனால் ஒரு தடவைகூட நினைவில் நிற்கவில்லை.

இன்னொன்றையும் கேட்டுப் பார்த்தேன், கடிகாரப்படி. நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் ஆடியவை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு அங்கே. அந்த வினவலை எழுத இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஓராண்டாக ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிளஃப், அதாவது கையில் ஒன்றுமில்லாமல் பந்தயத்தை ஏற்றி மிரட்டுவது. இதில் என் பிழையை எனக்கு விளக்கியது கோட்டிங்கன். பின்னாளில் ஒரு வாடிக்கையாளர் வேலையாக அந்த ஊரில் சில மாதங்கள் இருந்தேன். 1926 டிசம்பர் 7 அன்று அங்கே கணிதச் சங்கத்தில் 22 வயது வான் நியூமன் விளையாட்டுகளின் கோட்பாடு பற்றிப் பேசினார். 1928இல் அது 'மத்தேமாட்டிஷே அன்னாலன்' இதழில் வந்தது. ஒருவர் வெற்றி மற்றவர் தோல்வியாகிற இருவர் ஆட்டத்தில், எதிராளி என்ன செய்தாலும் நம் நஷ்டம் ஓர் எல்லையைத் தாண்டாதபடி ஆடும் முறை ஒன்று உண்டு, அது பல உத்திகளின் கலவை என்று நிறுவினார். 1944இல், ஜெர்மனியின் கெர்லிட்ஸில் பிறந்த மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து அமெரிக்காவில் வெளியிட்ட நூலில் போக்கருக்கே தனிப் பகுதி இருக்கிறது. அவர் எளிமைப்படுத்திய ஆட்டத்தில் பந்தயம் ஏற்ற வேண்டியது மிக நல்ல சீட்டுக்கும் மிக மோசமான சீட்டுக்கும். நடுத்தரச் சீட்டுக்கு ஏற்றக் கூடாது. ஏற்றினால் நம்மைவிடக் கீழானவர்கள் விலகுவார்கள், மேலானவர்கள் மட்டும் தொடர்வார்கள். நான் மிரட்டியதெல்லாம் நடுத்தரச் சீட்டை வைத்துத்தான். கையில் ஒன்றுமே இல்லாதபோது மிரட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. அதைக் கண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2017 ஜனவரியில் லிப்ராட்டஸ் என்ற நிரல் பிட்ஸ்பர்கில் நான்கு தொழில்முறை வீரர்களை 20 நாட்களில், 1,20,000 ஆட்டங்களில் வென்றது. பகலில் அவர்கள் கண்டுபிடித்த ஓட்டைகளை அது இரவில் சூப்பர்கம்ப்யூட்டரில் மறுபடி கணக்கிட்டு அடைத்தது. நான் இரவில் செய்ததற்கு நேர் எதிர்.

திருத்தியபின் 30,000 ஆட்டங்கள் ஆடினேன். ஏறக்குறைய சமம். தேறிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த அளவு ஆட்டத்தில் அதிர்ஷ்டம் மட்டுமே எழுநூறு, எண்ணூறு யூரோ இப்படியும் அப்படியும் தள்ளும். கணக்குப் போடத் தெரிந்த பிறகு அதை மறைக்க முடியவில்லை. 2010இல் நிறுத்தினேன். 2021 ஜூலையில் ஜெர்மனி இணையப் போக்கருக்கு உரிமம் தரச் சட்டத்தில் வழிசெய்தது. எல்லாத் தளத்துக்கும் சேர்த்து மாதம் ஆயிரம் யூரோதான் போடலாம் என்று பொது உச்சவரம்பும் வைத்தது. நான் திரும்பிப் போகவில்லை.

நம் கதையில் நளனும் இந்தக் கணக்கைக் கற்றவன்தான். மகாபாரதத்தில், தேரில் போகும் வழியில் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்கிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி இறங்கி எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. குதிரை வித்தையைக் கொடுத்துச் சூதின் வித்தையை வாங்கிக்கொள்கிறான். அப்போதுதான் கலி அவனை விட்டு இறங்குகிறது. பழைய இந்தியாவில் தான்றிக்காய்தான் சூதுக்காய். நாட்டையே தோற்கடித்த காயைத்தான் அவன் உட்கார்ந்து எண்ணினான். சிறுவயதில் கேட்ட கதையில் எனக்கு இது ஒட்டவே இல்லை.

தம்பியிடம் ஆட்ட விவரங்களை அனுப்பச் சொன்னேன். அவனுடைய செயலியில் அவனால் எடுக்க முடிந்தது பணம் போட்ட, எடுத்த பட்டியல் மட்டும். எந்தச் சீட்டை ஏன் இறக்கினான் என்பது இல்லை. அதை எக்செலில் போட்டு மணிவாரியாகப் பிரித்தேன். போட்டதில் பெரும்பகுதி இரவு பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக. பார்த்ததும் என் பழைய திரை நினைவுக்கு வந்தது.

2023 ஏப்ரலில் தமிழ்நாட்டின் தடைச் சட்டத்துக்கு ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி அவற்றின் மீதான தடையை நீக்கியது. அன்றிரவே தம்பி செய்தியை அனுப்பினான். "கோர்ட்டே சொல்லிருச்சே அண்ணே." திறமை விளையாட்டு என்றால் திறமை குறைந்தவனிடமிருந்து கூடியவனுக்குப் பணம் தவறாமல் போய்க்கொண்டிருக்கும் என்றும் அர்த்தம், சக்கரமாவது எல்லாரையும் ஒரே விகிதத்தில் உரிக்கிறது என்றேன். "அப்ப எனக்குத் திறமை இல்லன்னு சொல்லுதீங்களா?" என்றான். பதில் சொல்லவில்லை.

2025இல் தமிழ்நாடு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடுவதைத் தடுத்து விதி கொண்டுவந்தது. ஜூனில் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு அத்தனையையும் தடை செய்தது. தம்பி ஆடுவது நின்றிருக்கிறது. கடனில் ஒன்றரை லட்சம் பாக்கி. மாதம் ஒருமுறை அந்த எக்செல் தாளைத் திறந்து இருவரும் ஒரு வரி சேர்க்கிறோம்.

போன மாதம் சித்தி போனில் கேட்டாள், "ஒந்தம்பிக்கு நீ என்னமோ கம்ப்யூட்டர் பாடம் சொல்லிக் குடுக்கியாமே?"