பயங்கரவாதமும் மூன்றாண்டுச் சட்டமும்

பயங்கரவாதம் என்னும் சொல் இன்று அரசாங்கத்தை எதிர்த்து ஆயுதமெடுப்போரையே பெரும்பாலும் சுட்டி வழங்குகின்றது. அச்சொல் பிறந்த காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. 1793, 1794ஆம் ஆண்டுகளிற் பிரான்சு தேசத்தை ஆண்ட புரட்சி அரசாங்கம், பகைவரெனத் தான் கருதியோரின் தலைகளை வெட்டுப்பொறியிற் கொய்து, அச்சத்தையே ஆட்சிமுறையாகக் கொண்டது. அவ்வாட்சியைக் குறிக்கவே ஐரோப்பிய மொழிகளில் இச்சொல் எழுந்தது. அரசாங்கத்தின் செயலுக்கு வைத்த பெயர் நூறாண்டு செல்லுமுன் அரசாங்கத்துக்கெதிரான செயலின் பெயராயிற்று. அம்மாற்றம் மிகத் தெளிவாக நிகழ்ந்த தேசம் உருசியா. கல்லூரிச் சரித்திர நூல்களில் அரை அத்தியாயத்துள் அடங்கிப்போகும் அக்கதையைச் சற்று விரித்துச் சொல்ல விழைகின்றோம். திகதிகள் அக்கால உருசியப் பஞ்சாங்கப்படி தரப்பட்டுள்ளன. அது நம்முடையதற்குப் பன்னிரண்டு நாள் பிந்தியது.

பயங்கரவாதத்துக்குக் காரணம் வறுமையென்று சொல்வது வழக்கம். உருசியாவில் வறுமைக்குக் குறைவிருக்கவில்லை. 1861ஆம் ஆண்டில் இரண்டாம் அலெக்சாந்தர் சக்கரவர்த்தி இரண்டு கோடிக்கு மேற்பட்ட பண்ணையடிமைகளை விடுவித்தார். ஆயினும் அவர்கள் பெற்ற நிலத்துக்கு 49 ஆண்டுகள் தவணைப்பணம் கட்டவேண்டுமென்று விதிக்கப்பட்டது. எனினும் குண்டெறிந்தோர் அக்குடியானவர் அல்லர். 1874ஆம் ஆண்டுக் கோடையில், சர்வகலாசாலை மாணாக்கர் பல நூற்றுவர் குடியானவர் உடையணிந்து கிராமங்களுக்குச் சென்றனர். தச்சுவேலை பழகினர், வைத்தியம் பார்த்தனர், எழுத்தறிவித்தனர், சமவுடைமையையும் போதித்தனர். அவர்கள் கையில் ஆயுதமில்லை. குடியானவர் அவர்களை ஐயத்தோடு நோக்கினர். சிலவிடங்களிற் பிடித்தும் கொடுத்தனர். அரசாங்கமோ நூற்றுக்கணக்கானோரைச் சிறையிலிட்டு, மூன்று நான்கு ஆண்டுகள் விசாரணையின்றி வைத்திருந்து, ஈற்றில் 193 பேரை ஒருங்கே நீதிமன்றத்தில் நிறுத்தியது. அவருட் பாதியளவினர் குற்றமற்றவரென விடப்பட்டனர்! விடப்பட்டோரிற் பலரை நிருவாகக் கட்டளையொன்றினால் மறுபடியும் நாடுகடத்தியது அரசாங்கம். விடுதலை பெற்றோருள் அந்திரேய் செல்யாபொவ் என்னும் இளைஞனும், சோபியா பெரோவ்ஸ்காயா என்னும் யுவதியும் இருந்தனர். இவர்களின் பெயர்களை வாசகர் நினைவிற் கொள்ளுதல் நன்று.

அவ்வழக்கு முடிந்த மறுநாள், 1878 சனவரி 24இல், வேரா சசூலிச் என்னும் பெண், சென் பீற்றேர்ஸ்பேர்க் நகரத் தேசாதிபதி திரேப்பொவைச் சுட்டுக் காயப்படுத்தினாள். மறியற்சாலையில் தன்முன் தொப்பியைக் கழற்றாத மாணாக்கன் ஒருவனுக்குக் கசையடி கொடுப்பித்தவர் அத்தேசாதிபதி. அம்மாணாக்கனைச் சசூலிச் அறியாள். யூரர் முன்னிலையில் வழக்கு நடந்தது. சுட்டதை அவள் மறுக்கவில்லை. கசையடியைக் கேட்க வேறு வழியிருக்கவில்லை என்றாள். யூரர் அவளைக் குற்றமற்றவளென விட்டனர். அரசாங்கம் அத்தீர்ப்பிலிருந்து கற்றது யாது? கசையடியை நிறுத்தவேண்டும் என்பதன்று. இத்தகைய வழக்குகளை யூரரிடம் விடலாகாது என்பதே. அவ்வாண்டிலேயே அவை யூரரிடமிருந்து பறிக்கப்பட்டன. சில மாதங்களில் இராணுவ நீதிமன்றங்களும் வந்தன. எம் கருத்தில் திருப்பம் இங்கேதான் நிகழ்ந்தது. வறுமை பல தேசங்களில் உண்டு. பேசப் போனவனைச் சிறையிலிட்டு, நீதிமன்றம் விட்டவனையும் விடாது பிடிக்கும்போது, துப்பாக்கியை நம்புவோனுக்குத் தோழர் சேருகின்றனர்.

1879ஆம் ஆண்டில் ‘நரோத்னயா வோல்யா’ என்னும் இரகசியச் சங்கம் உருவாயிற்று. வோல்யா என்னும் உருசியச் சொல்லுக்குச் சித்தம் என்றும் விடுதலை என்றும் இருபொருளுண்டு. சங்கத்தின் நிருவாக சபையார் சில பதின்மரே. பயங்கரவாதிகள் என்னும் பெயரை இவர்கள் பழியாகக் கொள்ளவில்லை, தாமாகவே சூடிக்கொண்டனர். சக்கரவர்த்திக்கு மரணதண்டனை விதித்தோமென்று தீர்மானித்து, இருப்புப்பாதையிற் கண்ணி வைத்தனர். 1880 பெப்ரவரியில் அரண்மனையின் நிலவறையில் டைனமைற்று வெடிக்கச் செய்தனர். விருந்து சற்றுத் தாமதித்தமையாற் சக்கரவர்த்தி தப்பினார். காவற் சிப்பாய்கள் பதினொருவர் மாண்டனர். குடியானவர் பொருட்டுத் தொடங்கிய போரில் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளே முதலில் விழுந்தனர்.

அதன்பின் அதிகாரம் பெற்ற லோரிஸ் மெலிகொவ் என்னும் தளபதி, அக்காலத்து ஆட்சியாளருட் சற்று வேறுபட்டவர். ஒரு கையாற் சதிகாரரை ஒடுக்கினார். மறுகையாற் பத்திரிகைகளின் கட்டைத் தளர்த்தினார். யாவரும் வெறுத்த இரகசியப் பொலிஸ் பகுதியைக் கலைத்தார். சட்டவாக்க ஆலோசனைகளில் மக்களால் தெரியப்பட்ட சிலரையும் சேர்க்கும் திட்டமொன்றை வரைந்தார். அது பாராளுமன்றமன்று, எனினும் ஒரு கதவு. 1881 மார்ச் 1ஆம் திகதி காலையிற் சக்கரவர்த்தி அத்திட்டத்துக்கு இணங்கினார். அன்று பிற்பகல், கால்வாய்க் கரையோரமாக அவர் வண்டி சென்றபோது முதற் குண்டு விழுந்தது. சக்கரவர்த்தி காயமின்றி இறங்கி, அடிபட்டோரைப் பார்க்க நடந்தார். இரண்டாவது குண்டு அவர் காலடியில் வெடித்தது. எறிந்தவனும் மாண்டான். கொசாக் வீரன் ஒருவனும், தெருவிற் சென்ற சிறுவன் ஒருவனும் மாண்டனர். செல்யாபொவ் இரு நாட்களுக்கு முன்னரே பிடிபட்டிருந்தமையால், கைக்குட்டையசைத்து அன்று கட்டளையிட்டவள் பெரோவ்ஸ்காயா. அவளுடைய தந்தை ஒருகாலத்தில் அந்நகரத்துத் தேசாதிபதியாக இருந்தவர்.

ஏப்ரல் 3ஆம் திகதி ஐவர் தூக்கிலிடப்பட்டனர். அவருள் ஒருவனாகிய கிபால்சிச், குண்டுகளைச் செய்தவன், தூக்குக்குக் காத்திருந்த நாட்களில் வாணத்தின் விசையாற் பறக்கும் பொறியொன்றைச் சிறையிலிருந்தே வரைந்து வைத்தான். எத்தகைய மூளைகளை அத்தேசம் இழந்தது என்பதற்கு இதனையும் சொல்லவேண்டும்.

மக்கள் கிளர்ந்தெழுவர் என்று சதிகாரர் எதிர்பார்த்தனர். மக்கள் எழவில்லை. தம்மை விடுவித்த அரசனைப் பிரபுக்களே கொன்றனரென்று குடியானவர் பலர் நம்பினர். எழுந்தது வேறொன்று. சதிகாரருள் யூதப் பெண் ஒருத்தி இருந்தாள், அது போதியதாயிற்று. ஏப்ரல் நடுப்பகுதியிலே தென்மாகாண நகரங்களில் யூதரின் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. மறு ஆண்டில் அரசாங்கம், சூறையாடப்பட்டோரையே கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றியது. ஒருவர் செய்ததற்கு அவர் இனம் முழுவதும் இறுத்த வரி அது.

புதிய சக்கரவர்த்தி மூன்றாம் அலெக்சாந்தர், மெலிகொவின் திட்டத்தைக் கைவிட்டார். 1881 ஆகத்து 14இல் அரச ஒழுங்கைக் காக்கும் பிரமாணமொன்று பிரசித்தஞ் செய்யப்பட்டது. அதன்கீழ், விசேட பாதுகாப்பு ஏற்படுத்தப்பட்ட பகுதிகளில், தேசாதிபதி கூட்டங்களைத் தடுக்கலாம். வழக்குகளை இராணுவ நீதிமன்றத்துக்கு மாற்றலாம். ஐயத்துக்குரியவனை நீதிமன்ற விசாரணையின்றி ஐந்தாண்டு வரை நாடுகடத்தலாம். இது தற்காலிகப் பிரமாணம். மூன்றாண்டுகளுக்கு மட்டுமே உரியது. மூன்றாண்டு முடிந்தது, புதுப்பித்தனர். மறுபடியும் முடிந்தது; மறுபடியும் புதுப்பித்தனர். 1917இல் அரசபரம்பரையே வீழும்வரை, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, அது நிலைபெற்றது. அதனாற் பயங்கரவாதம் ஒழிந்ததா? சில ஆண்டுகள் அடங்கியது உண்மை. நரோத்னயா வோல்யா அழிந்தது. பின்பு 1887இல், மூன்றாம் அலெக்சாந்தரைக் கொல்ல முயன்ற மாணாக்கர் ஐவர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவன் பெயர் அலெக்சாந்தர் உல்யானொவ். அவன் தம்பி விளாதிமிருக்கு அப்பொழுது வயது பதினேழு. பாடசாலை இறுதிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். அத்தம்பியே லெனின். 1918 செத்தெம்பரில், அவருடைய அரசாங்கம் தன் பகைவர்மீது ‘செம்பயங்கரம்’ என்பதை வெளிப்படையாக அறிவித்தது. பிரான்சிற் பிறந்த சொல் மீண்டும் அரசாங்கத்தின் கைக்கே வந்து சேர்ந்தது.

இரகசியப் பொலிசாரின் கதை தனி. அசெவ் என்பவன் பொலிசாரிடம் சம்பளம் பெற்ற ஒற்றன். அதே வேளையிற் சமவுடைமைப் புரட்சிக் கட்சியின் கொலைப்பிரிவுக்குத் தலைவனும் அவனே. 1904இல் உள்நாட்டு மந்திரி பிளேவே கொல்லப்பட்டது அவன் ஏற்பாட்டினால். அம்மந்திரி பொலிசாருக்கும் தலைவர். தம் ஊழியனாலேயே மாண்டார். 1906இற் களநீதிமன்றங்களை நிறுவி, சில மாதங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைத் தூக்கிலிடுவித்த பிரதம மந்திரி ஸ்தொலீப்பின், 1911இல் கியெவ் நாடகசாலையிற் சுடப்பட்டார். சுட்டவன் உள்ளே புக அனுமதிச்சீட்டு வழங்கியவர் பொலிசார். அவனும் அவர்களின் ஒற்றன். கேள்வி கேட்க நீதிமன்றமும் பத்திரிகையும் இல்லாத இடத்தில், வேட்டைநாய் எது, ஓநாய் எது என்று எசமானுக்கே தெரியாது போகின்றது.

சக்கரவர்த்தி ஆண்ட தேசத்தில் அப்படி நடந்தது, பாராளுமன்றமுள்ள தேசத்தில் நடவாது என்று கருதலாமோ? 1974 நவெம்பர் 21இல், பேர்மிங்காம் நகரத்து மதுச்சாலைகள் இரண்டில் ஐரிசுக் குண்டுகள் வெடித்து 21 பேர் இறந்தனர். எட்டு நாட்களில் பிரித்தானியப் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தை நிறைவேற்றியது. அத்தற்காலிகம், புதிய சட்டங்களாக மீண்டும் மீண்டும் பிறந்து, 2000ஆம் ஆண்டில் நிரந்தரச் சட்டமொன்றுக்கு இடங்கொடுத்தது. குண்டுவெடிப்புக்காகச் சிறைவைக்கப்பட்ட ஆறு பேரும், பதினாறு ஆண்டுகளின் பின், 1991இல், தீர்ப்புத் தவறென்று விடுவிக்கப்பட்டனர்.

அச்சட்டத்தின் பெயர், தற்காலிகம் என்னும் சொல்லும் உட்பட, 1979 யூலையில் நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் இங்கே கொலைகள் நடக்கவில்லையென்று நாம் சொல்லோம். யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975இற் சுடப்பட்டார். இலங்கையின் 48ஆம் இலக்கச் சட்டம், மந்திரியின் கட்டளையால் ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை தடுத்துவைக்க இடந்தந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ அவருக்கு மேற்பட்டோருக்கோ கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. அதுவும் மூன்றாண்டுச் சட்டமே. அதே மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்ட படைத்தலைவருக்குச் சனாதிபதி விதித்த தவணை இன்னும் குறுகியது: பயங்கரவாதத்தை அவ்வாண்டு டிசெம்பர் 31க்கு முன் ஒழித்துவிட வேண்டும். மூன்றாண்டுச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. யுத்தம் முடிந்தது 2009 மே மாதத்தில். அதன்பின் பத்தாண்டு கழித்து, 2019இல் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தபோது, பலரைப் பிடித்துத் தடுத்துவைக்கக் கையில் எடுக்கப்பட்டதும் அச்சட்டமே. அப்பொழுது அதற்கு வயது நாற்பது.