சுற்றுச்சூழல் உரிமை

சுற்றுச்சூழல் (பெயர்ச்சொல்): உயிர்களைச் சுற்றி அமைந்து அவற்றின் வாழ்வைத் தாங்கும் நிலம், நீர், காற்று, காடு ஆகியவற்றின் தொகுதி.

பிறப்பு: ‘சூழ்’ என்னும் வினையடியோடு ‘அல்’ விகுதி சேர்ந்தது சூழல். சுற்று, சூழல் இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருளன. ஆகவே இது ‘நடுமையம்’ போன்ற ஒருபொருட்பன்மொழி. ‘சூழ்’ என்பதற்கு ஆராய்தல் என்ற பொருளும் உண்டு. திருக்குறளில் ‘சூழ்ச்சி’ என்பது ஆலோசனையே.

சட்டத்தில்: அமெரிக்க மாநிலங்களுக்குத் தனித்தனி அரசமைப்பு உண்டு. நியூயார்க் மக்கள் 2021இல் வாக்களித்துத் தூய காற்று, நீருக்கான உரிமையை அதில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டுக்கு அப்படித் தனி அரசமைப்பு இல்லை. இந்திய அரசமைப்பில் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம், சுற்றுச்சூழல் காப்பை அரசின் நெறியாகவும் (48-ஏ) குடிமக்களின் கடமையாகவும் (51-ஏ) சேர்த்தது. அதை உரிமையாக்கியது நீதிமன்றம்: 1991இல் சுபாஷ் குமார் வழக்கில், மாசற்ற நீரும் காற்றும் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம்.

நடைமுறையில்: கல்வராயன் மலையில் பெய்யும் மழைதான் கோமுகி அணையை நிரப்பிக் கள்ளக்குறிச்சி வயல்களுக்குப் பாய்கிறது. அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் போன்றோருக்குக் காட்டைப் பயன்படுத்தவும் காக்கவும் உரிமை தருவது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். மலையில் அந்த உரிமை நிலைத்தால்தான் சமவெளியில் இந்தச் சொல்லுக்குப் பொருள் இருக்கும்.