மலைத் தோட்டத்துப் புது ரோஜாக்கள்



பால் டின்னிலும் மண்ணெண்ணெய்த் தகரத்திலும் ரோஜா வளர்த்த வீடுகள் நம்ம சுங்கை சோ பக்கம் எத்தனையோ. கேமரன் மலைக்குச் சுற்றுலா போனவர்கள் திரும்பும்போது ஒரு ரோஜாத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். அங்கே கொத்துக் கொத்தாய்ப் பூத்த செடி, இங்கே வந்து இரண்டு மாதத்தில் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகிக் கொட்டிப் போகும். உடனே வீட்டுப் பெண்களைப் பார்த்து, "உனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். கைராசியில் ஒன்றும் இல்லைங்க. செடியின் வம்சத்தைப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறைதான் பூத்தன. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனத்து ரோஜாக்கள் கப்பலேறி அங்கே போய்ச் சேர்ந்தன. அவற்றோடு கலந்த பிறகுதான் திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் வந்தது. 1867-இல் பிரான்சு நாட்டில் கியோ என்பவர் வெளியிட்ட 'லா பிரான்ஸ்' ரோஜாவை இன்றைய பெரும்பூ ரோஜாக்களின் முதல் செடி என்பார்கள். அதற்குப் பின் வந்தவர்கள் குளிர் தாங்குமா, பனி தாங்குமா என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்கள். வெயில் தாங்குமா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அவர்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு வேலையில்லையே!

வெள்ளைக்காரத் துரைமார்கள் நம்ம நாடுகளுக்கு வந்தபோது, தங்கள் ஊர்ப் பூவைப் பார்க்க மலைக்குத்தான் ஏற வேண்டியிருந்தது. இங்கிருந்து வடக்கே செரண்டா, பத்தாங் காலி, கோலகுபுபாரு என்று போய் மேலே ஏறினால் பிரேசர் மலை. ஈயம் தேடிப் போன லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்பவரின் பெயர் அது. 1922-இல் அது மலைவாசத் தலமாகத் திறக்கப்பட்டது. கருங்கல் வீடுகளும் பூந்தோட்டங்களும் எழுந்தன. தமிழ்நாட்டில் கோடைக்கானல் அதற்கும் மூத்தது. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் அங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். ஏறத்தாழ 7,000 அடி உயரம். மோட்டார் சாலை வருமுன், பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து துரைகளையும் துரைசானிகளையும் நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் சுமந்து ஏறியவர்கள் நம்ம ஆட்கள். இதையும் சேர்த்துத்தான் மலைத் தோட்டங்களின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

அந்தக் கோடைக்கானலுக்கு 1980-இல் ஒரு தம்பதியர் குடிவந்தார்கள். திரு. எம். எஸ். வீரராகவன், இந்திய ஆட்சிப் பணியில் அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெறும் வயது வருமுன்னே வேலையை விட்டுவிட்டு, மனைவி திருமதி கிரிஜா அவர்களோடு மலையில் வீடெடுத்து, வீட்டுத் தோட்டத்தில் புது ரோஜாக்களை உண்டாக்க ஆரம்பித்தார். கலெக்டர் உத்தியோகத்தை விட்டுப் பூச்செடியா என்று நம்ம ஊரில் கேட்டிருப்பார்கள். அவருடைய எண்ணமோ வேறு. குளிர் மலையில் இருந்துகொண்டே, கீழே வெக்கையில் வாழும் மக்களுக்கு ஏற்ற ரோஜாவைப் படைக்க வேண்டும்!

அதற்குச் சொந்தக்காரச் செடிகளை ஆசியாவிலேயே தேடினார்கள். மணிப்பூர், பர்மா மலைகளில் 'ரோசா ஜைகாண்டியா' என்ற காட்டு ரோஜா உண்டு. பெரிய மரங்களின் உச்சி வரை ஏறி, வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளையில் பெரிய பெரிய பூவாய்ப் பூப்பது. ஜார்ஜ் வாட் என்பவர் 1882-இல் மணிப்பூரில் இதைக் கண்டார். வங்காளத்தில் நீர் தேங்கும் ஆற்றோரங்களில் 'ரோசா கிளைனோபில்லா' வளர்கிறது. வேர் தண்ணீரில் நின்றாலும் சாகாத ரோஜா என்றால் நம்ப முடிகிறதா? பழனி மலையிலும் நீலகிரியிலும்கூட, சோலைக்காட்டு ஓரங்களில் வெள்ளைப் பூ பூக்கும் காட்டு ரோஜா ஒன்று நமக்குச் சொந்தமாகவே இருக்கிறது. இவற்றையெல்லாம் ஐரோப்பிய ரோஜா வளர்ப்பில் அதிகம் சேர்த்துக்கொள்ளவே இல்லை. வீரராகவன் தம்பதியர் மணிப்பூரின் சிரோய் மலைக்கே போய் ஜைகாண்டியாவைத் தேடிக் கொண்டுவந்தார்கள்.

புது ரோஜாவை எப்படி உண்டாக்குகிறார்கள்? கித்தாத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புது வித்தையே இல்லை. தாய்ச் செடியின் மொட்டு விரியுமுன்னே இதழ்களை நீக்கி, மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிடுவார்கள். தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைத்து, பெயர் எழுதிய சீட்டைக் கட்டிவிடுவார்கள். காய் பழுக்கச் சில மாதங்கள் ஆகும். அதன் விதையைக் குளிரில் வைத்திருந்து விதைப்பார்கள். முளைக்கும் ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு மாதிரி, ஒரு வயிற்றுப் பிள்ளைகளைப் போல! நூறு கன்றில் ஒன்று தேறினாலே பெரிய காரியம். மற்றதைப் பிடுங்கி எறிய மனம் வர வேண்டும்.

நம்ம ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரப்பர் மரமும் இதே வழியில் வந்ததுதான். ஒரு பக்கம் ஜாவாவின் மரம், மறு பக்கம் சிலாங்கூர் பிராங் பெசார் தோட்டத்தின் 86-ஆம் எண் மரம். அந்தத் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. தேறிய ஒரு மரத்தை ஆயிரம் மரமாக்க விதை உதவாது. ஒட்டுத்தான் கட்ட வேண்டும். ரப்பரில் இந்த ஒட்டு முறை 1910களின் நடுவில் ஜாவா, சுமத்ரா பக்கம் தொடங்கியது. ரோஜாவிலோ அதற்கு வெகு காலம் முன்பிருந்தே உண்டு. ரப்பருக்குப் பட்டையைக் கதவு மாதிரி திறந்து கண்ணை வைப்பார்கள்; ரோஜாவுக்கு 'டி' எழுத்து மாதிரி கீறி வைப்பார்கள். கத்தி பிடிக்கும் கை ஒன்றுதான். நாற்று மேடையில் குனிந்து ஒட்டுக் கட்டிய நம்ம தாத்தா பாட்டிமார்களுக்கு யாராவது ஒரு ரோஜாக் கண்ணைக் கொடுத்திருந்தால், அரை நாளில் பழகியிருப்பார்கள்.

மலையில் புதுக் கன்றை நடுவதும் லேசான வேலையல்ல. கோடைக்கானலில் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டும். மூடுபனி இலையைக் காயவிடாது. ஆகவே தண்ணீர் ஓடிவிடுகிற சரிவும் வெயில் விழுகிற பக்கமும் பார்த்துக் குழி வெட்ட வேண்டும். கரும்புள்ளி நோய்க்கு இலையில் சுமார் ஏழு மணி நேரம் ஈரம் நின்றாலே போதும். இங்கே நாமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, ஆசையாய்ச் செடியின் தலையில் தண்ணீர் ஊற்றுகிறோம். விடிய விடிய ஈரம் நிற்கிறது. காலையில் வேரில் ஊற்றுங்கள், டின்னின் அடியில் ஓட்டை போடுங்கள். பாதி நோய் குறையும்.

மலையில் நன்றாய்ப் பூத்தது கீழேயும் பூக்குமா என்பதைக் கீழே நட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு ரோஜா தேறப் பல வருஷம் பிடிப்பது இதனால்தான். அப்படி இருந்தும் நூற்றுக்கு மேற்பட்ட புது ரோஜாக்களை இந்தத் தம்பதியர் தந்திருக்கிறார்கள். உலகம் சூடேறிவரும் இந்நாளில், குளிர் நாட்டு ரோஜாக்காரர்களும் இவர்கள் வேலையைக் கவனிக்கிறார்கள். 2023-இல் தங்கள் அனுபவங்களை ஆங்கிலத்தில் நூலாகவும் வெளியிட்டார்கள்.

மாணவிகளுக்கு ஒரு செய்தி. இவர்கள் ஒரு ரோஜாவுக்கு இ. கே. ஜானகி அம்மாள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1897-இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்ற தாவர விஞ்ஞானி அவர். 1930களில் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை மற்றப் புல் இனங்களோடு இணைத்துப் பார்த்தவர். 1984-இல் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய ரோஜா மஞ்சள் நிறம்.